நெடுந்தூர லொறிக்குப் புதிதாக வருவோருக்குப் பாரம் கட்டவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், ஏற்கெனவே முச்சக்கரவண்டியோ சிறிய கன்டர் லொறியோ ஓட்டிப் பழகிய இளைஞர்களும், கனரக வாகன அனுமதிப்பத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கொழும்பு ஓட்டத்துக்குப் போகலாமா என்று என் போன்ற பழைய சாரதிகளிடம் வந்து விசாரிப்பது இப்போது அடிக்கடி நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் நீண்ட காலம் லொறி ஓட்டி, முழங்கால் இடங்கொடாததால் இப்போது வீட்டோடு இருக்கும் எனக்கு, அப்படி வருபவர்களைத் தடுக்கும் எண்ணம் இல்லை. கையில் தொழிலும் மனதில் நிதானமும் உள்ளவனுக்கு அது நல்ல பிழைப்புத்தான். இருப்பினும், பக்கத் தட்டி எதுவுமின்றி வெறும் தளம் மட்டும் கொண்ட நீள லொறியை, அதாவது தொழிலில் உள்ளவர்கள் பிளாட்பெட் என்று சொல்லும் வாகனத்தை, முதன்முதலாகக் கையேற்கும் ஒருவருக்குப் பாரத்தை எப்படிக் கட்டுவது என்று எவரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது அவருக்குத் தெரியுமா என்று எவரும் பரீட்சித்துப் பார்ப்பதும் இல்லை. இந்தக் குறையைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் லொறிகளை அவற்றின் மொத்த நிறையை வைத்து வகுத்திருக்கிறது. 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17,000 கிலோகிராம் வரையுள்ளவை சி1 வகுப்பிலும், அதற்கு மேற்பட்டவை சி வகுப்பிலும், பின்னால் ரெயிலர் பூட்டிய கனரக லொறிகள் சிஈ வகுப்பிலும் அடங்கும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று படிகள் உண்டு. கனரக அனுமதிப்பத்திரத்தை 4 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் பரீட்சைக்குக் கொண்டுவரப்படும் லொறி பெரும்பாலும் வெறும் லொறியாகவே இருக்கிறது. அதை வளைத்து, பின்னெடுத்து, மேட்டில் நிறுத்திப் பின் நகர்த்திக் காட்டினால் பரீட்சகருக்குப் போதும். பத்துத் தொன் கம்பியை ஏற்றியவுடன் அதே லொறி பிறேக் பிடிக்கும் விதத்திலும், வளைவில் சாயும் விதத்திலும், மேட்டில் இழுக்கும் விதத்திலும் முற்றிலும் வேறொரு வாகனமாகிவிடுகிறது என்பதை அந்தப் பிள்ளை அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு வீதியிலேதான் அறிந்துகொள்கிறான்.

மூடிய பெட்டி லொறியில் மா மூட்டையோ பிஸ்கட் பெட்டியோ ஏற்றுபவருக்கு நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது. அடுக்கு சற்றுச் சரிந்தாலும் சாமான் உள்ளேயே கிடக்கும். கொள்கலன் ஓட்டுபவர் துறைமுகத்தில் முத்திரையிட்ட பெட்டியைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார். அவர் பார்க்க வேண்டியது நான்கு மூலைப் பூட்டுகளையே. டிப்பருக்குக் கட்டுவதற்கே வேலையில்லை. மாறாக, திறந்த தளத்தில் ஏற்றிய இரும்புக் கம்பி, கூரைத் தகடு, கொங்கிறீற் குழாய், மின்கம்பம், பெக்கோ இயந்திரம் ஆகிய எதையும் தளத்தின்மேல் வைத்திருப்பது சாரதி போட்ட கட்டு ஒன்றே. மழை, வெயில், காற்று, வீதியின் குண்டு குழி எல்லாம் அந்தக் கட்டை வழிநெடுகச் சோதித்துக்கொண்டே வரும். இப்போது இங்கே திறந்த தளத்து வேலை கூடியுமிருக்கிறது. வீடுகளும் விடுதிகளும் கட்டப்படும் வேகத்தைப் பார்த்தாலே கம்பி எவ்வளவு வருகிறது என்று விளங்கும். மன்னாரில் 2020 திசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்களும் துண்டு துண்டாகத் தளத்தில் ஏறி வீதி வழியாக வந்து சேர்ந்தவைதான். திரும்பிப் போகும்போது வெறுமனே போகாமல் பழைய இரும்பு ஏற்றுவார்கள். என்னைக் கேட்டால் பழைய இரும்புதான் எல்லாவற்றிலும் பொல்லாத பாரம்: ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வடிவம், மேலே வலையோ தறப்பாளோ இழுத்துக் கட்டாவிட்டால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனின் தலைக்கு உத்தரவாதம் இல்லை.

முன்பும் இதற்கென்று பள்ளிக்கூடம் இருக்கவில்லைதானே என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கூடம் இருக்கவில்லை என்பது உண்மை; பழக்கும் முறை ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் லொறி லொறியாகத் தெற்கே போன 1970களில், சாரதியாக வர விரும்பியவன் முதலில் கிளீனராகச் சேர்வான். வருடக்கணக்கில் கயிறு சுருட்டி, தறப்பாள் மடித்து, ரயருக்குக் கட்டை போட்டு, சாரதி அண்ணையிடம் ஏச்சும் வாங்கித்தான் ஸ்ரியறிங்கில் கை வைப்பான். எந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், எந்த முடிச்சு மழையில் ஊறினால் அவிழ்க்க முடியாமல் போகும் என்பது அவனுடைய விரலுக்குத் தெரிந்திருக்கும். 1990 இல் யுத்தத்தோடு பாதை அறுந்தபோது இந்தச் சங்கிலியும் அறுந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்து, முகமாலைச் சோதனைச்சாவடியிலும் ஓமந்தைச் சோதனைச்சாவடியிலும் பாரத்தை இறக்கி ஏற்றி ஒருவாறு ஓடத் தொடங்கிய தொழில் 2006 ஆகஸ்டில் மறுபடி முடங்கிப்போனது. 2009 க்குப் பிறகு பாதை முழுமையாகத் திறந்தபோது பழைய சாரதிகளில் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை, எஞ்சியவர்களுக்கு வயது போய்விட்டது. புதிதாக வந்தவர்கள் உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் கை பழகி நேரே பெரிய லொறிக்கு ஏறியவர்கள். அவர்களுடைய ஓட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். எங்களை விட நன்றாக ஓட்டும் பிள்ளைகளும் உண்டு. கட்டுவதைக் கற்பதற்கு அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே என் வாதம். கிளீனர் என்று ஒருவரை வைத்திருக்கும் வழக்கமும் செலவைக் காட்டிக் குறைந்துவிட்டதால், அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

வாசகர்களுக்கு விளங்குவதற்காகக் கம்பி ஏற்றுவது ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கினாலும் வேறு எந்தக் களஞ்சியத்தில் ஏற்றினாலும் முறை ஒன்றுதான். கம்பிக் கட்டைத் தளத்தில் நேரே வைக்கக் கூடாது. இரும்பின்மேல் இரும்பு வழுக்கும், மழைத் துளி பட்டால் இன்னும் வழுக்கும். எனவே குறுக்கே ஒரே உயரமான மரக்கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் கம்பியை இறக்க வேண்டும். பாரம் பின்னுக்குக் கூடினால் முன் ரயரில் அழுத்தம் குறைந்து ஸ்ரியறிங் இலேசாகிவிடும். புதிதாக ஓட்டுபவர் அதைச் சுகமான ஓட்டம் என்று நினைப்பார். கட்டு கட்டாக இறக்கிய பின், மேலால் மட்டும் பெல்ற் எனப்படும் அகன்ற நாடாவைப் போட்டு இறுக்கிவிட்டால் வேலை முடிந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இறுக்கினால் வெளிப்புறக் கம்பிகளே பிடிபடும். பிறேக் அடிக்கும்போது, ஈர்க்குமாற்றின் கட்டுத் தளர்ந்தால் நடு ஈர்க்குகள் கழன்று வருவதைப் போல உள்ளே இருக்கும் கம்பிகள் முன்னால் வழுக்கி வரும். ஆகவே ஒவ்வொரு கம்பிக் கட்டையும் அடியிலும் மேலிலும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறுக்கி, பாரம் ஒரே உடம்பாக வந்த பிறகே மேலால் போகும் பெல்ற்களை இட வேண்டும். கம்பியின் வரிகள் பெல்ற்றை அரம்போல் தின்னும் என்பதால், தொடும் இடமெல்லாம் கோணத் தகடோ பழைய ரயர்த் துண்டோ வைக்க வேண்டும். பெல்ற்றின் மிச்ச நுனியைத் தொங்கவிடாமல் முடிந்துவிடுவதும் அவசியம். காற்றில் ஆடி ரயருக்குள் போனால் கட்டையே இழுத்து அவிழ்த்துவிடும்.

இவ்வளவு செய்தும் பத்துக் கிலோமீற்றர் ஓடியவுடன் பெல்ற் தளர்ந்திருக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை, கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி இடம் பிடித்திருக்கின்றன என்பதே அதன் பொருள். நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை பெல்ற் போதும் என்ற கேள்விக்கு எங்கள் காலத்தில் கண் மதிப்பே பதில். இன்று அதற்குக் கணக்கு உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிளாட்பெட் ஓட்டும் என் மருமகன் ஒருவர் அந்த நாட்டு விதிகளை எனக்கு அவ்வப்போது விளங்கப்படுத்துவார். கனரக வாகனங்களுக்கான கனடா தேசியப் பாதுகாப்புக் கோவையின் 10 ஆவது நியமம் முழுக்க முழுக்கப் பாரம் கட்டுவதைப் பற்றியது. அதன்படி, கட்டிய பாரம் முன்னோக்கித் தன் நிறையின் 80 வீதத்துக்குச் சமமான உந்தலையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 வீதத்துக்குச் சமமான உந்தலையும் தாங்க வேண்டும். பத்துத் தொன் கம்பி, பிறேக் அடிக்கும் கணத்தில் எட்டுத் தொன் பலத்தோடு சாரதியின் முதுகுப் பக்கம் வரக்கூடும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கட்டுகளின் வேலைப் பலத்தை, அதாவது அவை பாதுகாப்பாகத் தாங்கும் நிறையை, கூட்டினால் அது பாரத்தின் நிறையில் பாதிக்குக் குறையக் கூடாது. நான்கு அங்குல அகலமான பெல்ற் ஒன்றின் வேலைப் பலம் வழமையாக ஏறக்குறைய 2,450 கிலோகிராம் என்று அதில் தைத்திருக்கும் சிட்டையிலேயே எழுதியிருக்கும். பத்துத் தொன்னுக்கு அப்படியான இரண்டு பெல்ற் போட்டால் கணக்கில் சற்றுக் குறைகிறது, மூன்று வேண்டும். நிறைக் கணக்கோடு நீளக் கணக்கும் சேர்கிறது: முன்னால் தடுப்பு இல்லாத பாரத்துக்கு முதல் 3.04 மீற்றருக்கு இரண்டு கட்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 3.04 மீற்றருக்கோ அதன் பகுதிக்கோ ஒவ்வொரு கட்டும் போட வேண்டும். 12 மீற்றர்க் கம்பிக்கு இது ஐந்து கட்டாகிறது. நம்முடைய வீதியில் அதே நீளக் கம்பி இரண்டு நைலோன் கயிற்றோடு வருவதை எவரும் காணலாம். கயிற்றில் சிட்டையும் இல்லை, அதன் பலம் இவ்வளவென்று கட்டியவருக்கும் தெரியாது. முன் கண்ணாடிக்கு மேலே தெய்வத்தின் துணையைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பின்னால் பார்த்தால் தெய்வத்துக்கு அன்று மேலதிக வேலை என்று தெரியும்.

கனடா விதி நமக்கு எதற்கு, அங்கே பனி, இங்கே வெயில் என்று சொல்வார்கள். பிறேக் அடித்தால் பாரம் முன்னால் வருவது இரு நாட்டுக்கும் பொது. கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவு நேரத்தில் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்திருப்பதை அறியாத சாரதி இல்லை. மதவாச்சி தாண்டினால் யானையும் வரலாம். கறுத்த மாடு வெளிச்சத்துக்குள் வரும்போது தூரம் மிகக் குறைவாகவே இருக்கும். பழகிய சாரதி வேகத்தை முன்கூட்டியே குறைத்து வருவார். புதியவர் இரண்டு காலாலும் பிறேக்கில் ஏறி நிற்பார். அந்த வேளையில் லொறியின் முன் தட்டியும் கட்டுகளும் பலமாக இல்லாவிட்டால், கம்பி கபினைத் துளைத்துக்கொண்டு வரும்.

அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது சோதனை பற்றிய பகுதி. பாரம் ஏற்றிப் புறப்பட்ட முதல் 80 கிலோமீற்றருக்குள் சாரதி நிறுத்தி இறங்கிக் கட்டுகளைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அல்லது 240 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அதன்படி பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து முறிகண்டி ஏறக்குறைய அதே 80 கிலோமீற்றர். அந்தப் பாதையால் போகிற லொறி எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது நம்முடைய வழக்கம். பழைய சாரதிகள் கும்பிட்டு வந்ததும் லொறியையும் ஒருதரம் சுற்றி வருவார்கள். ரயரைத் தட்டிப் பார்ப்பார்கள், கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், சத்தம் தளர்வாக இருந்தால் இழுத்துக் கட்டுவார்கள். விதி ஒன்றை எழுதி வைக்காமலேயே நம்மவர்கள் கடைப்பிடித்த சோதனை அது. இப்போது வரும் இளைஞர்களிலும் பலர் முறிகண்டியில் நிறுத்துகிறார்கள். கச்சானோடு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடுகிறார்கள். அந்தச் சில நிமிட நிறுத்தத்தில் லொறியைச் சுற்றி நடக்கும் பழக்கத்தை மட்டும் மீட்டுத் தந்தாலே பாதி விபத்தைத் தவிர்க்கலாம் என்பது என் நம்பிக்கை. கொழும்பில் இருந்து ஏற்றி வருபவர்கள் இதற்கு ஈடான ஓரிடத்தைச் சிலாபத்தை அண்டி வைத்துக்கொள்ளலாம்.

தறப்பாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதை மழைக்குப் போடும் துணி என்று மட்டும் நினைக்கிறார்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவுத் தாம்போதியிலோ சங்குப்பிட்டிப் பாலத்திலோ லொறியோடு ஏறிப் பாருங்கள்: மறைப்பே இல்லாத கடல்நீரேரியின் மேலால் வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, சரியாக மடித்துக் கட்டாத தறப்பாள் ஒரு பாய்மரமாகிவிடும். முன் விளிம்பை முதலில் போர்த்து, அதன்மேல் பின் விளிம்பு வருமாறு போட்டால் ஓட்டக் காற்று மடிப்புக்குள் புகுந்துவிடும். பின்னால் இருந்து தொடங்கி, முன் துண்டு மேலே வருமாறு போட்டால் காற்று அதன்மேல் வழிந்து போகும். ஒரு வரியில் சொல்லக்கூடிய இந்த விடயத்தைச் சொல்ல ஆளில்லாமல், படபடவென்று அடிக்கும் தறப்பாளைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள் உண்டு.

அப்படிப் பார்த்துக்கொண்டு ஓட்டியதன் விலையைக் கனடா ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவான் மாகாணத்தில், ஹம்போல்ட் நகரத்து இளையோர் ஐஸ் ஹொக்கி அணி சென்ற பஸ்ஸும், இரட்டை ரெயிலர் பூட்டிய லொறி ஒன்றும் ஒரு கிராமத்துச் சந்தியில் மோதியதில் 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். லொறியின் சாரதி அந்த வேலைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பின் ரெயிலரின் தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்ததில் தன் கவனம் சிதறியது என்பதே, நிறுத்தற் பலகையைத் தாண்டி வந்ததற்கு அவர் தரப்பில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட விளக்கம். அவருக்கு 2019 மார்ச்சில் 8 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மது அருந்தியிருக்கவில்லை, கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. ஒழுங்கான பயிற்சியின்றி அனுப்பப்பட்ட ஓர் இளைஞர் அவர். அந்த விபத்துக்குப் பின்னர் சஸ்கச்சுவானும் அயல் மாகாணங்களும் புதிய கனரகச் சாரதிகளுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. ஒன்ராறியோவில் 2017 ஜூலை முதலே குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி இல்லாமல் ரெயிலர் லொறிக்கான பரீட்சைக்குத் தோற்ற முடியாது. பாரத்தைப் பாதுகாப்பாகக் கட்டுவது அந்தப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

உடம்பையும் யோசிக்க வேண்டும். திறந்த தளத்து வேலையில் சாரதிக்குக் காயம் வருவது ஓட்டத்தில் மட்டுமன்று. பாரத்தின்மேல் செருப்போடு ஏறித் தறப்பாள் இழுக்கும்போது வழுக்கி விழுபவர்களும், பாரக் கட்டை இறுக்கும் கருவியின் பிடியில் குழாயைச் செருகி மேலதிகமாக நெரிக்கப்போய் அது திருப்பியடித்துத் தாடை உடைபவர்களும், இறக்கும் இடத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமல் கட்டை அவிழ்த்துச் சரியும் பாரத்தில் அகப்படுபவர்களும் உண்டு. தடித்த அடியுள்ள சப்பாத்தும் கையுறையும் வாங்கிக் கொடுக்க லொறி முதலாளிக்கு ஆகும் செலவு ஒரு ரயரின் விலைக்குக் கிட்டவும் வராது. அடுத்தது நித்திரை. மாலையில் யாழ்ப்பாணத்தில் ஏற்றி விடியற்காலையில் கொழும்பில் நிற்க வேண்டும் என்று நேரம் குறித்து அனுப்புகிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றரைப் பாரத்தோடு ஒரே மூச்சில் ஓடி, இறக்குவதற்கும் நின்று, மறுபடி ஏற்றி, அன்றிரவே திரும்புபவனுக்குக் கண் எப்போது மூடும்? கனடாவில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட முடியாது, அதையும் லொறியில் பூட்டிய மின்கருவி பதிந்துகொண்டே இருக்கும். நம்மிடம் கருவி இல்லாவிட்டாலும் முதலாளிக்குக் கணக்குத் தெரியும்.

கூலி பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது. ட்ரிப் கணக்குக் கூலி பார்க்கப் பெரிதாக இருக்கும். லொறி திருத்தகத்தில் நிற்கும் நாளுக்கு அதில் இடமில்லை. ஆகவே சேரும்போதே, ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியின் 3 வீதமும் கட்டப்படுமா என்று வாய் திறந்து கேட்க வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றச் சொன்னால் தண்டம் யாருடைய கணக்கில் என்றும் கேட்க வேண்டும். கட்டுச் சரியில்லை, புறப்பட மாட்டேன் என்று சொல்லும் உரிமை சாரதிக்கு இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் முதலாளியிடம் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கனடாவுக்குப் போய் லொறி ஓட்டலாம் என்ற நினைப்போடு இங்கே அனுமதிப்பத்திரம் எடுப்பவர்களும் கூடிவருகிறார்கள். அவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை உறுதி என்று சொல்லும் தரகர்களும் கூடவே வருகிறார்கள். இலங்கை அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து ஒன்ராறியோவின் ரெயிலர் லொறி அனுமதிப்பத்திரத்தை மாற்றி வாங்க வழியில்லை; எழுத்துப் பரீட்சை, மருத்துவச் சோதனை, மேலே சொன்ன பயிற்சி, வீதிப் பரீட்சை என்று எல்லாவற்றையும் அங்கே கடக்க வேண்டும். சில நிறுவனங்கள் சாரதியைத் தன் பெயரில் ஒரு கம்பனி பதியச் சொல்லி, ஊழியருக்குரிய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வேலை வாங்குவதாகவும், அந்த நாட்டு அரசாங்கமே இதற்கு எதிராக நடவடிக்கை எடுத்து வருவதாகவும் என் மருமகன் சொல்கிறார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே ஒழுங்காகப் பாரம் கட்டப் பழகியவனுக்கு அங்கேயும் அது கைகொடுக்கும். பழகாதவன் தரகரிடம் கொடுத்த காசுக்கு அங்கே போய்த்தான் முதல் பாடத்தைத் தொடங்குவான்.

ஆகையால் பொறுப்பானவர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் வடக்கு நிலையங்களும், வாகனத் திருத்துநர்களைப் பயிற்றுவிப்பதைப் போலவே, கனரக அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்குப் பாரம் ஏற்றல், கட்டல், தறப்பாளிடல், இடைவழிச் சோதனை ஆகியவற்றைக் கொண்ட குறுகிய பாடநெறி ஒன்றைத் தொடங்க வேண்டும். அதற்குத் தொழிற்தகைமைச் சான்றிதழும் கிடைக்குமானால் முதலாளிமாரும் மதிப்பார்கள். செய்முறைப் பரீட்சையின் ஒரு பகுதியைப் பாரம் ஏற்றிய லொறியில் நடத்த முடியுமா என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் ஆராய வேண்டும். போக்குவரத்துப் பொலிஸார் வீதியில் மறித்து ஆவணங்களைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் பாரம் கட்டிய விதத்தையும் பார்த்தால், கயிற்றை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தச் செய்தி ஒரே வாரத்தில் எல்லா லொறிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தண்டப் பத்திரத்தை விட அது வேகமாக வேலை செய்யும். லொறி உரிமையாளர்கள் புதிய சாரதியை முதல் ஓட்டங்களிலாவது தனியே அனுப்பாமல், பழகிய ஒருவரோடு கூலி கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு ஆளுக்குக் கூலியா என்று கேட்பவர்கள், சரிந்த பாரத்தை வீதியில் இருந்து அள்ளுவதற்குப் பாரந்தூக்கி பிடித்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பார்க்கட்டும்.

பாடநெறி தொடங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. சாவகச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் என் வயதை ஒத்த சாரதிகள் பலர் ஓய்ந்திருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நின்றுபோன ஒரு நீளத் தளம், ரட்செட் என்ற இறுக்கும் பிடியுள்ள சில பெல்ற்கள், ஒரு தறப்பாள், ஏற்றி இறக்குவதற்குக் கொஞ்சம் பழைய கம்பி ஆகியவற்றோடு ஒரு முற்றத்தை எந்த நிறுவனமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து தருமானால், கட்டிக் காட்டவும் பிள்ளைகள் கட்டியதை இழுத்துப் பார்த்துப் பிழை சொல்லவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். விருப்பமுள்ள நிறுவனங்கள் தங்கள் பத்திரிகை மூலமே அறிவிக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவர்,
சாவகச்சேரி.